துணை ஆள் கூடாது

சித்திரை வெயிலில் குரங்குக் குல்லா போட்டால் எப்படி இருக்கும் என்று தானியேலைக் கேட்டால் சொல்வார். குல்லா, அதற்குக் கீழே முகக்கவசம், கண் ஆபரேஷன் செய்தபோது கொடுத்த கறுப்புக் கண்ணாடி. இத்தனையும் மாட்டிக்கொண்டு சமாதானபுரம் பஸ் நிறுத்தத்தில் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் வேர்த்து விறுவிறுத்து நின்றார். பத்தடி முன்னால் அவருடைய ஒரே மகன் ஜோஷுவா, டிபன் பையோடு டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருந்தான்.

பின்னால் வர மாட்டேன் என்று முந்தின நாள்தான் சத்தியம் செய்திருந்தார்.

ஜோஷுவாவுக்கு முப்பத்தொரு வயது. அறிவு வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கியது என்று சின்ன வயதிலேயே டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எதையும் பத்துத் தடவை செய்து பார்த்துத்தான் கற்றுக்கொள்வான். கற்றுக்கொண்டால் மறக்க மாட்டான். டவுன் ஆர்ச் பக்கத்தில் ஒரு பேக்கரியில் பன் பொதிகிற வேலை. அதற்குப் பக்கத்துத் தெருவில் அவனைப் போன்ற மூன்று பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு ஒரு வீட்டில் இருந்தார்கள். நாலாவது கட்டில் காலியாக இருந்தது. அது தனக்கு வேண்டும் என்று ஜோஷுவா ஆறு மாதமாக ஒற்றைக்காலில் நின்றான்.

அந்த வீட்டைக் கவனித்துக்கொள்ளும் லில்லி கறாரான பெண்.

"திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் தம்பி தனியா பஸ்ல வரணும். அவரோட பஸ் பாஸ்ல துணைக்கு ஒரு ஆளு டிக்கெட் இல்லாம சும்மா வரலாம்னு போட்டிருக்கும். ஆனா இந்த அஞ்சு நாளும் துணை ஆளு கூடாது சார். வெள்ளிக்கிழமை சாவி அவர் கையில. ஒரு நாள் துணைக்கு வந்தாலும் அடுத்த வருசந்தான்."

"நான் எதுக்கும்மா வாரேன்?" என்று சொன்ன வாய்தான் இப்போது முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பஸ் வந்தது. ஜோஷுவா முன்னால் போய் உட்கார்ந்தான். தானியேல் கடைசி சீட்டில் பதுங்கினார். கண்டக்டர் மாரிராஜ் ஜோஷுவாவிடம் போனபோது மகன் திரும்பிப் பார்த்துவிடுவானோ என்று பயந்து, குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தார். ஒரு வாருக்கு அது அதிக நேரம்தான். நிமிர்ந்தபோது கண்டக்டர் எதிரே நின்று அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆர்ச் ஒண்ணு" என்று குரலை மாற்றிக்கொண்டு ரூபாயை நீட்டினார் தானியேல்.

மாரிராஜ் அந்த நோட்டை அவர் கையிலேயே வைத்து மூடினார். "வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. அதெல்லாம் சரியாயிட்டு. சன்னல் பக்கம் ஒக்காருதீயளா? காத்து வரும்."

"டிக்கெட்டு?"

"ஒண்ணும் பயப்படாதீங்க. நான் இருக்கேம்லா."

தானியேலுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆர்ச் வந்ததும் மாரிராஜ் அவர் கையைப் பிடித்து, "பைய... பைய... வலது கால வைங்க" என்று இறக்கிவிட்டார். அறுபத்து மூன்று வயதில் அவரை யாரும் கையைப் பிடித்து இறக்கியதில்லை. ஜோஷுவா நேராகப் பேக்கரிக்குள் போய்விட்டான். தானியேல் அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பினார்.

தப்பு குல்லாவில்தான் இருக்கிறது, காய்ச்சல்காரன் என்று நினைத்துவிட்டார்கள் என்று முடிவுசெய்தார். செவ்வாய்க்கிழமை ஹெல்மெட்டை எடுத்தார்.

"ஸ்கூட்டர வித்து மூணு வருசமாச்சு. ஹெல்மெட்டு எதுக்கு?" என்றாள் மனைவி எப்சி.

"நடக்கப் போறேன். தென்னமரத்துப் பக்கம்."

எப்சி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

பஸ்ஸில் மாரிராஜ் முகமெல்லாம் மலர்ந்தார். "இன்னைக்கு ஹெல்மெட்டா! ரொம்ப நல்லது. கழட்ட வேண்டாம், என்ன?" பக்கத்திலிருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார். முன்சீட்டுப் பெண் திரும்பி, அவர் முகத்துக்கு நேராகக் கடலைமிட்டாயை ஆட்டி, "இது... மிட்டாய். பிடிக்குமா?" என்று உரக்கக் கேட்டாள். பிடிக்கும் என்று தலையாட்டினார். வேறு என்ன செய்வது? ஆனால் ஹெல்மெட்டுக்குள் மிட்டாயைக் கொண்டுபோக முடியவில்லை. அவர் படும் பாட்டைப் பார்த்து அந்தப் பெண் கண் கலங்கிவிட்டாள்.

அன்றும் டிக்கெட் கொடுக்கவில்லை. அதுதான் அவரை அரித்தது. முப்பத்தாறு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர். ஒரு குண்டூசியை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. இப்போது இரண்டு நாளாக ஓசிப் பயணம். பரிசோதகர் வந்து பிடித்தால் மகன் முன்னால் மானம் போகும். சாவியும் போகும்.

புதன்கிழமை கொக்கிரகுளத்தில் பரிசோதகர் ஏறியேவிட்டார். அவர் முன்வாசலில் ஏற, தானியேல் பின்வாசலில் குதித்தார். பின்னாலேயே வந்த இன்னொரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். அதுவும் டவுனுக்குத்தான் போகும் என்பது அவர் கணக்கு. அது மேலப்பாளையத்துக்குத் திரும்பியது.

அந்தக் கண்டக்டருக்குச் சீட்டு கிழிக்கும்போதே போன் வந்தது.

"ஹெல்மெட்டா? ஆமா வே, இங்கனதான் நிக்காரு. பத்திரமா இருக்காரு. அழல்லாம் இல்ல."

தானியேல் சுற்றுமுற்றும் பார்த்தார். பஸ்ஸில் வேறு யாரும் ஹெல்மெட் போடவில்லை.

மேலப்பாளையத்தில் ஜுபைதா பீவி என்ற அம்மாளிடம் அவரை ஒப்படைத்தார்கள். அவர் தானியேலின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்து, ஜங்ஷன் வரை கூட்டிப்போய் டவுன் பஸ்ஸில் ஏற்றினார்.

"அம்மா, எனக்கு வழி தெரியும்."

"தெரியும், தெரியும். சமத்தாப் போவணும்."

அன்று மாலை வீட்டில் ஜோஷுவா காப்பி குடித்துக்கொண்டே கேட்டான். "அப்பா, இன்னைக்கு எங்கயாவது போனீங்களா?"

"இல்லியே. ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன். போனா செல்லுல சார்ஜ் போட்டுட்டுப் போங்க."

வியாழக்கிழமை காலை தானியேல் தன் சட்டைப் பையில் ஒரு அட்டையைக் கண்டார். வீட்டு முகவரியும் போன் நம்பரும், ஜோஷுவாவின் கொட்டை எழுத்தில். வழி தவறினால் காட்டுவதற்கு லில்லி எழுதப் பழக்கிய அட்டை. பாவிப் பயல், தன் சட்டை என்று நினைத்து இதில் போட்டுவிட்டான்! இவனைத் தனி வீட்டில் விட்டால் என்ன ஆவது? சட்டையையே சரியாகப் பார்க்கத் தெரியாதவன் அடுப்பை எப்படி அணைப்பான்?

அன்றைக்கு அவர் யார் கையும் பிடிக்காமல் ஆர்ச்சில் இறங்கினார். பஸ்ஸுக்குள்ளிருந்து மாரிராஜ் கை தட்டினார். இன்னும் நாலைந்து பேரும் தட்டினார்கள்.

"என்னடா இது, ஊரே கூடிப் பைத்தியமாயிட்டா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆர்ச் நிறுத்தத்தில் லில்லி நின்றாள். கையில் ஒரு படிவம், விரலில் தொங்குகிற சாவி. ஜோஷுவா முன்வாசலில் இறங்கிச் சிரித்தான். தானியேல் பின்வாசலில் இறங்கி, ஹெல்மெட்டோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நழுவப் பார்த்தார்.

"தானியேல் சாரா?"

"ஆமா" என்றார். முப்பத்தாறு வருஷமாகப் பெயர் சொன்னால் பதில் சொல்லிப் பழகிய வாய்.

லில்லி பெருமூச்சு விட்டாள். "அஞ்சு நாளுமா சார்?"

பொய் சொல்ல வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினார். வழுக்கை மண்டையில் வேர்வை ஓடியது. "அஞ்சு நாளும்."

"துணை ஆளு கூடாதுன்னு சொன்னேன்லா?" லில்லி சாவியைக் கைப்பையில் போட்டாள். ஜோஷுவாவின் கண்கள் அந்தப் பைக்குள்ளேயே போய்விட்டன. அவன் அழவில்லை. டிபன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

மகன் தனியாகப் போவது நடக்காமல் போகட்டும் என்று இந்த வாரம் முழுக்க உள்ளூர வேண்டிக்கொண்டவர் தானியேல்தான். அவனில்லாத வீட்டில் சாயங்காலம் யாரிடம் பேசுவது என்பதுதான் அவருடைய பயமெல்லாம். இப்போது நடக்காமல் போனதும் அவரால் தாங்க முடியவில்லை.

"தப்பு என்னுதும்மா. அவன் எங்கிட்ட ஒரு உதவியும் கேக்கல. நான் இருந்ததே அவனுக்குத் தெரியாது. சாவியக் குடுத்துரு."

"அப்பாவ ஏசாதீங்க மிஸ்" என்றான் ஜோஷுவா.

"யாரும் ஏசல தம்பி. ஆனா விதின்னா விதிதான். துணைக்கு ஒருத்தர் வந்திருக்காரு, நான் என்ன எழுத?"

பஸ் இன்னும் நகரவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, படியில் தொங்கியபடி மாரிராஜ் எட்டிப் பார்த்தார்.

"யாரு, இவரா துணைக்கு வந்தாரு? நல்லாருக்கே! துணைக்கு வந்தது அந்தத் தம்பில்லாம்மா! 'பின்னால ஒளிஞ்சிருக்கது எங்க அப்பா, தனியா இருந்து பழக்கமில்ல, நான்தான் கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கிக்கிட்டு இருக்கேன், பாத்துக்கிடுங்க'ன்னு திங்கக்கிழமையே சொல்லி, பாஸ்ல துணை ஆளுன்னு சேக்காம, தெனமும் தன் காசுல அப்பாவுக்குத் தனிச் சீட்டு வாங்குனாரு!"