ரோஸ் நிற ஆடும் இரண்டு பாலைவன ஊர்களும்

சின்ன அறையில் குடியிருப்பவனுக்குத் தன் ஊரைத் தவிர மற்ற எல்லா ஊரும் விசாலமாகத்தான் தெரியும். அங்கே காற்று வரும், அங்கே பிள்ளைகள் கால் நீட்டிப் படுக்கும், அங்கே எவனும் நம் தலைமாட்டில் மிக்ஸி ஓட்ட மாட்டான் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே தோன்றும். உட்கார்ந்த இடத்தில் கால் ஆடும். தைக்கும்போது ஆடினால் பரவாயில்லை, மிஷின் ஓடும். சும்மா இருக்கும்போதும் ஆடும். (உங்க உம்மா கேட்பாள்: “மிஷின் இல்லாத நேரத்துல யாருக்குத் தைக்கிய?”)

ஷிரின், ரபி, நம் வீட்டு ஜன்னல் திரை, தலையணை உறை, குக்கரைப் பிடிக்கும் துணி எல்லாம் ஏன் ஒரே மாதிரி, வெயிலில் வெளுத்த பஞ்சுமிட்டாய் நிறத்தில் இருக்கின்றன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். உம்மா ஒரு விதமாகச் சொல்கிறாள். சாகுல் மாமா ஒரு விதமாகச் சொல்கிறான். மாமா சொல்வதில் ஒட்டகம் எல்லாம் வருகிறது. ஒட்டகத்துக்கு இதில் பங்கு கிடையாது. ஆடு மட்டும்தான். அதனால் நானே எழுதிவிடுகிறேன். நான் ஒன்பதாவது வரை படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரபிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பதால் ஷிரின் வாசித்துக் காட்டட்டும். (ஆடு வர்ற இடத்துல சிரிச்சுட்டு நிறுத்திராதே, முழுசா படி.)

அப்போது ஷிரின் ஒன்றாம் வகுப்பு. ஸ்கூல் பேக் அவளைவிடப் பெரிது. ரபி தவழ்ந்துகொண்டிருந்தான். தவழ இடம் ஏது? கட்டிலுக்கு அடியில் போய்த் திரும்பி வருவான், அவ்வளவுதான். தாராவியில் நம் கல்லியில், அந்தக் குறுகல் சந்தில், கீழே நாலு தையல் மிஷின், மேலே நம் குடித்தனம். கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள், மழைக்கு முன்னால் காலி பண்ணிவிடு என்று ரூம்காரர் சொல்லிவிட்டார். தொழிலும் வீடும் ஒரே ஏணியில் இருந்ததால் இரண்டுக்கும் சேர்த்து இடம் தேட வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஹனீப் பாய் வந்தார். ராஜஸ்தான்காரர். துணியில் சின்னச் சின்ன முடிச்சாகப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுக்கும் பாந்தனி வேலை அவருடைய குடும்பத் தொழில். நம்மிடம் தைக்கத் துணி அனுப்புவார். அவர் பேசியது இந்தி, நான் தமிழில் எழுதுகிறேன்.

“பாய்ஜான், எனக்கு ஜோத்பூர்லயும் இடம் இருக்கு, பிக்கானேர்லயும் இடம் இருக்கு. தையலைப் பார்த்துக்க நம்பிக்கையான ஆள் வேணும். வீடும் நான் தர்றேன். ரெண்டு ஊரையும் வந்து பாருங்க. எது பிடிக்குதோ சொல்லுங்க. கடைசியா ஜோத்பூர் வாங்க, அங்கே எனக்குப் பதில் சொல்லிடுங்க.”

எனக்கு அன்றிலிருந்தே இரண்டு காலும் ஆட ஆரம்பித்துவிட்டன.

உம்மா மட்டும் நிதானமாக அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: “ஊரு எதுன்னாலும் எனக்கு ஒண்ணுதான். தண்ணி எப்படி வருது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எங்க இருக்கு, இது ரெண்டையும் பாத்துட்டு வாங்க. கோட்டையைப் பாத்துட்டு வந்து நிக்காதிய.”

சாகுல் உடனே பயமுறுத்தினான். “மச்சான், அது பாலைவனம். குடிக்கத் தண்ணி கிடைக்காது. கொண்டு போயிருங்க.” நானும் அதை நம்பி, ஒரு பெரிய கேன் நிறையத் தண்ணீரைத் தோளில் சுமந்து பாந்த்ரா டெர்மினஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். பக்கத்தில் இருந்த பிக்கானேர்க்காரக் குடும்பம் கேன் எதற்கு என்று கேட்டது, நான் விளக்கம் சொன்னேன். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியவர், வெகுநேரம் திரும்பவே இல்லை. பிக்கானேர் ஸ்டேஷனில் இறங்கினால், எதிரிலேயே குழாய், ஜில்லென்று தண்ணீர். கால்வாய்த் தண்ணீராம். என் கேனில் இருந்தது வெந்நீர் ஆகியிருந்தது.

பிக்கானேரைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். நல்ல ஊர். கோட்டை மலைமேல் எல்லாம் இல்லை, நம்மைப் போல தரையிலேயே இருக்கிறது. பழைய ஊருக்குள் சிவப்புக் கல்லில் பூவேலை செய்த வீடுகள். தெரு முக்கில் பெரிய பெரிய மரக்கட்டில் போட்டு ஆண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், எழுந்திருப்பதே இல்லை. ஒட்டக வண்டியில் ஃபிரிட்ஜ் போகிறது. காலையிலேயே கார புஜியா, அதன்மேல் ரசகுல்லா. ஹனீப் பாயின் தம்பி காட்டிய வீட்டில் இரண்டு அறை, அதற்கு மேல் மொட்டைமாடி. பள்ளிக்கூடம் அடுத்த தெரு. உடனே போன் போட்டேன்.

“ஏளா, பிக்கானேர்தான். முடிவாயிட்டு. ரபி ஓடி விளையாடலாம்.”

“தண்ணி?”

“கால்வாய்த் தண்ணி. சக்கரை மாதிரி இருக்கு.”

“சரி.”

அன்று சாயங்காலம் என் கால் ஆடவில்லை. எனக்கே ஆச்சரியம். ஆனால் மறுநாள் கடைவீதி நடுவில் ரயில்வே கேட்டு மூடியது. ரயில் போனது, திறந்தது, நான் பாதி தாண்டுவதற்குள் மறுபடி மூடியது. எல்லாரும் வண்டியை அணைத்துவிட்டுக் கதை பேசினார்கள். ஒருவர் கீழே இறங்கி வேர்க்கடலை வாங்கினார். யாருக்கும் ஒரு அவசரமும் இல்லை. தாதர் ஸ்டேஷனில் ஓடுகிற ரயிலில் ஏறிப் பழகிய எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்தது. இந்த ஊரில் நான் ஒரு வருஷம் இருந்தால் என்னையும் ஒரு மரக்கட்டிலில் போட்டுவிடுவார்கள் என்று பயம் வந்தது. அடுத்த பஸ்ஸில் ஜோத்பூர்.

ஜோத்பூரைப் பார்த்ததும் போன்.

“ஏளா, ஜோத்பூர்தான். முடிவாயிட்டு.”

“நேத்து முடிவானது?”

“அது சும்மா. இங்க வந்து பாக்கணும் நீ. மலைமேல கோட்டை, கீழ எல்லா வீடும் நீலம். சந்து எல்லாம் நம்ம கல்லி மாதிரியே இருக்கு. நடுவுல ஸ்கூட்டர் இடிச்சுக்கிட்டுப் போறான். மணிக்கூண்டுக்கிட்ட மிளகாய் வடைன்னு ஒண்ணு, ஒரு முழு மிளகாய். லஸ்ஸியைக் கரண்டியாலதான் திங்கணும்!”

“பள்ளிக்கூடம்?”

“இருக்கு. கொஞ்சம் ஏறணும்.”

“பிள்ளை பேக்கைத் தூக்கிக்கிட்டு மலை ஏறவா? தண்ணி?”

“ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும்.”

“ஏங்க, நீங்க ஊரு பாக்கப் போனியளா, பொண்ணு பாக்கப் போனியளா? ரெண்டையும் வேணுங்கிய.”

உண்மைதான். இரண்டு மணி நேரம் மணிக்கூண்டுக் கூட்டத்தில் நின்றதும் பிக்கானேரின் அமைதி வேண்டும் போல இருந்தது. இரவுக்குள் போனில் இன்னொரு தடவை ‘பிக்கானேர்தான்’, காலையில் மறுபடி ‘ஜோத்பூர்தான்’. கடைசிப் போனில் உம்மா சொன்னாள்: “அவுகளுக்குப் பதில் சொல்லிட்டு எனக்குச் சொல்லுங்க. நான் பாத்திரத்தைக் கட்டணும்.”

ஹனீப் பாய் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். வயிறு நிறையச் சாப்பாடு. “மே மாச வெயில், கொஞ்சம் படுங்க. அஸர் தொழுதுட்டு சாயப்பட்டறையைக் காட்டுறேன். அப்புறம் உங்க பதிலைச் சொல்லுங்க,” என்றார். வீடு முழுக்கப் படுத்துவிட்டது. எனக்கு எங்கே தூக்கம்? கண்ணை மூடினால் ஒரு பக்கம் மொட்டைமாடி, ஒரு பக்கம் மிளகாய் வடை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ்.

பிள்ளைகளே, அந்தச் சத்தம் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலிக் குழாயில் காற்று முன்னால் வரும் சத்தம். தாராவியில் பிறந்தவனுக்கு அது கேட்டால் மூளை எழுந்திருப்பதற்கு முன்னால் கை எழுந்துவிடும். நம் கல்லியில் ஒரு சட்டம் உண்டு. தண்ணீர் வந்தால், முதலில் விழித்தவன் எல்லார் வீட்டுப் பாத்திரத்தையும் நிறைக்க வேண்டும். ஆள் தூங்கினாலும் சரி, வெளியூர் போயிருந்தாலும் சரி, அந்த வீட்டோடு சண்டையாக இருந்தாலும் சரி. பக்கத்து வீட்டு டிரம் காலியாகக் கிடக்க நம் டிரம்மை மட்டும் நிறைத்தவனோடு யாரும் பேச மாட்டார்கள்.

இங்கேயோ பாலைவனம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற தண்ணீர். அந்தக் குடும்பம் மொத்தமும் குறட்டை விடுகிறது. சோறு போட்ட வீடு. நான் சும்மா படுத்திருக்கவா?

பின்கட்டுக்கு ஓடினேன். முற்றத்தில் குழாய் திறந்தபடி இருந்தது, அதில் மாட்டிய ரப்பர் பைப் தரையில் ஒரு ஓட்டைக்குள் கிடந்தது, உருவி எடுத்தேன். வாளி நிறைத்தேன். குடம் நிறைத்தேன். அண்டா நிறைத்தேன். கோழிக்கு வைத்திருந்த தட்டை நிறைத்தேன். செருப்புக்குப் பக்கத்தில் ஒரு காலிப் பெயிண்ட் டப்பா இருந்தது, அதையும் விடவில்லை. அதற்குப் பிறகுதான் சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் பெரிய தொட்டிகள் இருப்பதைப் பார்த்தேன். உள்ளே செக்கச்செவேல் என்று தண்ணீர்.

துருத் தண்ணி! பாவம், பழைய பைப் போல. (நம்ம கல்லியிலயும் மழைக்காலத்துல இப்படித்தானே வரும்?) சாய்த்துக் கொட்டினேன். ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவினேன். அடியில் சுருண்டு சுருண்டு பழந்துணி கிடந்தது, கை வைத்தால் முண்டு முண்டாக இருந்தது. அதையும் அலசிப் பிழிந்து, காயப் போட்டுவிடலாம் என்று இரண்டு முனையையும் பிடித்து ஓங்கி உதறினேன்.

படபடபடவென்று பட்டாசு வெடித்தது போல முடிச்சுகள் தெறித்தன. சுருண்டு கிடந்த துணி பத்துப் பங்கு பெரிதாக விரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். சிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து அடுத்ததையும் உதறினேன். அதற்கடுத்ததையும்.

நான் தையல்காரன். பாந்தனித் துணி எல்லா வேலையும் முடிந்து வந்தால் வெட்டித் தைப்பேன். முடிச்சோடு சாயத்தில் ஊறும்போது எப்படி இருக்கும் என்று அதுவரை பார்த்ததே இல்லை.

தெருவில் ஒரு கூச்சல் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். நான் கொட்டிய சிவப்பு முற்றத்து மடை வழியாகப் போய், நீல வீடுகளுக்கு நடுவில் சரிவான சந்தில் இறங்கி ஓடியிருக்கிறது. எதிர்வீட்டில் ஆபா என்று எல்லாரும் கூப்பிடும் அக்காவின் ஆடு, பெயர் மோத்தி, முத்து மாதிரி வெள்ளை, வெயிலுக்கு மடையோரமாக ஈரத்தில் படுத்திருக்கிறது. குளிர்ச்சியாக ஏதோ வருகிறதே என்று அது புரண்டு புரண்டு படுத்திருக்கிறது. இரண்டு பக்கமும் சீராக, ஒரு இடம் விடாமல்.

“என் மோத்திக்கு ரத்தம்! என் மோத்தியை எவனோ வெட்டிட்டான்!” என்று ஆபா கத்த, வெட்டுப்பட்ட மோத்தி எழுந்து நின்று உதறிவிட்டு, அவர் துப்பட்டாவின் நுனியைத் தின்ன ஆரம்பித்தது. எழுந்து நின்றபோதுதான் தெரிந்தது, ஆடு ரோஸ். சந்து முனையில் இரண்டு வெள்ளைக்கார டூரிஸ்டுகள் கோட்டையைப் படம் எடுப்பதை விட்டுவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்து ஆட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு எழுந்து வந்தது. முதலில் ஹனீப் பாய், பின்னால் அவர் மனைவி, மருமகள்கள். அந்தப் பெண்கள்தான் வாரக்கணக்காக உட்கார்ந்து நகத்தால் கிள்ளிக் கிள்ளி அந்த முடிச்சுகளைப் போட்டவர்கள். கல்யாண ஆர்டர். யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஒரு மருமகள் கொடியில் தொங்கிய துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தாள். என் கால் அந்த நிமிஷம் ஆடவில்லை. உடம்பு முழுக்க ஆடியது.

“பாய்ஜான், என்ன பண்ணிட்டிருக்கீங்க?” என்றார் ஹனீப் பாய்.

“தண்ணி வந்துச்சு பாய். யாரும் எழுந்திரிக்கல. அதான் எல்லாத்தையும்…”

“வீட்டுக்கு அடியில பெரிய தண்ணித் தொட்டி இருக்கு. தண்ணி வந்தா அந்தப் பைப் வழியா தானா அதுல விழும். அதுக்குத்தான் குழாயைத் திறந்தே வச்சிருக்கோம்.”

நான் கையில் பைப்போடு நின்றேன். பைப்பிலிருந்து தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருந்தது. அவர் கணுக்கால் வரை ரோஸ் தண்ணீரில் நின்று, கொடியைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், வாசலில் எட்டிப் பார்த்த ஆட்டைப் பார்த்தார்.

“சரி. இப்ப உங்க பதிலைச் சொல்லிடுங்க. ஜோத்பூரா, பிக்கானேரா?”

“பாந்த்ரா டெர்மினஸ், பாய்,” என்றேன்.

முதலில் சிரித்தது அந்த மருமகள்தான். பிறகு எல்லாரும். என்னால்தான் முடியவில்லை. நல்ல மனிதர் ஹனீப் பாய். “பிக்கானேர்ல சாயப்பட்டறை கிடையாது, வேணும்னா அங்க போங்க,” என்றார். அந்த நிலையிலும் எனக்கு ஆசை வந்தது, பாருங்கள். உம்மாவிடம் முழுவதையும் சொல்லிக் கேட்டேன். போனில் விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

“வந்துருங்க,” என்றாள், சிரித்து மூச்சு வாங்கி. “தண்ணிச் சத்தம் கேட்டா நீங்க அந்த ஊரையே ரொப்பிருவிய. இங்க ரொப்புங்க. இங்க ஒருத்தரும் கோவிக்க மாட்டாவ.”

நான் கெடுத்த துணி மொத்தத்தையும் ஹனீப் பாய் மூட்டையாகக் கட்டி என் தோளில் ஏற்றினார். “இனிமே இது உங்க சாமான்.” போகும்போது கேன், வரும்போது மூட்டை. மழைக்கு முன்னால் சாகுல் தேவ்நாரில் இந்த அறையைப் பிடித்துக் கொடுத்தான். மூட்டையை அவிழ்த்து உம்மா முதலில் தைக்கச் சொன்னது ஜன்னல் திரை. அதைத்தான் இன்றைக்கும் பார்க்கிறீர்கள். சாயம் முழுசாகப் பிடிக்காத துணிக்கு ஆயுசு கெட்டியாம், கிழியவே மாட்டேன் என்கிறது.

இரண்டு ஊரில் எது நல்ல ஊர் என்று யாராவது கேட்டால் சொல்கிறேன்: குடியிருக்க பிக்கானேர், போய்ப் பார்க்க ஜோத்பூர். (எழுதின உடனே மாத்திச் சொல்லலாமான்னு தோணுது.)

இதை இப்போது எழுதக் காரணம் ஷிரின்தான். பத்தாவது முடித்துவிட்டு, காலையில் மாட்டுங்கா காலேஜ் என்கிறாள், சாயங்காலம் செம்பூர் காலேஜ் என்கிறாள். அங்கே லைப்ரரி பெரிசு, இங்கே பஸ் சுலபம். சோறு திங்கும்போதும் கால் ஆடுகிறது. “வாப்பாவோட கால்,” என்கிறாள் உம்மா. ஷிரின், இரண்டையும் நேரில் போய்ப் பார், நல்லதுதான். ஆனால் பார்க்கப் போன இடத்தில் கையை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இரு.

நேற்று இதையே நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்தபோது ரபி குறுக்கே அக்காவைக் கேட்டான்: “லாத்தா, ரெண்டுல எந்தக் காலேஜ்ல ஆடு இருக்கு?”

எல்லாரும் சிரித்து அடங்குவதற்குள் கீழே பாத்திரம் கழுவும் மோரிக் குழாயில் சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ்.

நான் எழுந்துவிட்டேன்.

“உக்காருங்க!” என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.