தைப்பூசம் வரை மழிக்காத தாடியும் திங்கட்கிழமைக் கிணறும்

சுங்கை பினாங்,
வெள்ளிக்கிழமை, காலை 7.10

மதிப்பிற்குரிய அக்கா ஜெகதீஸ்வரி அவர்களுக்கு, தம்பி சிவநேசன் பணிவுடன் எழுதுவது.

இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதே முறை. உறுதிசெய்யாத எதையும் நான் எழுதுவதில்லை என்பதால், நேற்று மாலை ஆறு மணி வரை நலம் என்று மட்டும் பதிவு செய்கிறேன். நிபோங் திபாலில் தங்கள் நலத்தையும் நேரம் குறிப்பிட்டுத் தெரிவிக்கவும்.

சென்ற ஆண்டு என் நெஞ்சடைப்புச் சிகிச்சையின்போது, தண்ணீர்மலை முருகனுக்குத் தாங்கள் என் பொருட்டு வேண்டிக்கொண்டீர்கள். அதன்படி தைப்பூசம் வரை முகத்தில் கத்தி படாமல் தாடி வளர்த்து வருகிறேன். இன்னும் மூன்று வாரங்கள் உள்ளன. இடையூறு என்னவெனில், பூமியின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க ஆழ்கிணறு துளையிடும் எங்கள் தளத்தில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு கிளம்பக்கூடும். தாடி இருந்தால் மூச்சுக்கவசம் முகத்தோடு ஒட்டாது. ஆகவே மழித்த முகமின்றி எவரும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்று விதி உண்டு. அவ்விதியை எழுதிய பாதுகாப்பு அதிகாரி நானே. ஐந்து வாரங்களாக வாயிலுக்கு வெளியே நின்று தொலைநோக்கியால் ஆய்வு செய்து வருகிறேன். சென்ற வாரம் தீயணைப்பான் ஒன்று காணாமற்போனதாக அறிக்கை அனுப்பினேன். உண்மையில் அதன் முன்னே மறைத்து நின்றவர் துளையிடும் குழுத் தலைவர் அர்ஜுனன். அவர் நேரே என்னிடம் வந்தார்.

"சார், ரூல் எழுதுனதும் நீங்க, கேட்டுக்கு வெளிய நிக்கிறதும் நீங்க. நெசமா சொல்லுங்க, சாமிக்கு பயமா, கிணத்துக்கு பயமா?"

கேள்வி விதிமுறைக்குட்பட்டதன்று என்று கூறிவிட்டேன்.

அந்த வாயுவின் தன்மையைத் தாங்கள் அறிய வேண்டும். அழுகிய முட்டைபோல் நாறினால் ஆபத்து. நாற்றம் திடீரென நின்றுபோனால் பேராபத்து, ஏனெனில் அப்போது மூக்கே மரத்துவிட்டது என்று பொருள். செவ்வாயன்று என் மனைவி நவமணி விரதச் சமையலுக்கு முட்டைக்கோஸ் வேகவைத்தாள். நாற்றம் எழுந்தது, பொறுத்தேன். சட்டென்று நின்றது. உடனே அவளையும் எங்கள் மாடியின் ஒன்பது வீட்டாரையும் படி வழியே இறக்கி, கைக்குட்டையால் காற்றின் திசை கண்டு, கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக நிறுத்தித் தலை எண்ணினேன். அவள் சட்டியை மூடியதால்தான் நாற்றம் நின்றது என்பது பிறகே தெரிந்தது. கைலியோடு நின்ற எதிர்வீட்டு நல்லமுத்து, "அண்ணே, கோஸுக்கே ரோல் கால் எடுக்குறீங்க. நாளைக்கு எங்க வீட்ல நாறுற எறால் பெலாச்சான் வறுத்தா ஆர்மி வருமா?" என்றார். சிரித்தார்கள். நான் மதியம் வரை மாடி ஏறவில்லை.

இந்நிலையில் தள மேலாளர் ஷஹீதா நேற்று என்னை அழைத்தார். திங்கட்கிழமை துளை நிலத்தடிக் கொதிநீர் அடுக்கை எட்டுகிறது. அன்று பாதுகாப்பு அதிகாரி கிணற்றருகே நிற்பது கட்டாயம். நான் மழிக்காமல் வந்தால் என் இடத்தில் வேறொருவர் வருவார் என்று மிகவும் மரியாதையாகத் தெரிவித்தார். ஐம்பது வயதில் வேறு வேலை எனக்கு யார் தருவார்? வேண்டியவர் தாங்கள், தளர்த்தும் அதிகாரமும் தங்களுக்கே உண்டு. ஆகவே என் தாடியை நேர்த்திக்கடனிலிருந்து விடுவித்து, இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் சொல்வது ஆதாரமாகாது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லவும்.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
சிவநேசன்

பி.கு. (காலை 8.25): உறையை ஒட்டுமுன் நவமணி தங்களை அழைத்துவிட்டாள். ஒலிபெருக்கியில் தாங்கள் சொன்னதை நானும் கேட்டேன்: "நா பால்குடம் மட்டும்தான் வேண்டுனேன். தாடி அவனா வளத்ததுலா. ஸ்டைல்னு நெனச்சேன்."

அக்கா, மேற்கண்ட கோரிக்கையை இரத்துச் செய்யவும். இனி திங்கட்கிழமை அந்தக் கிணற்றருகே நிற்காமலிருக்க என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. இருபத்தாறு ஆண்டுப் பணியில் ஒரு படிவத்திலும் நான் முன்தேதியிட்டதில்லை. ஆயினும் கேட்கிறேன்: சென்ற ஆண்டுத் தேதியிட்டு, தாடியையும் சேர்த்து, ஞாயிறு மாலைக்குள் வேண்டிக்கொள்ள இயலுமா?