அம்பி கொடுத்த வெளிச்சம்

அம்பி கேரேஜுக்குள் நுழைந்த இரண்டாவது நிமிஷமே நெற்றியில் இடித்துக்கொண்டார். எதில் இடித்தோம் என்று பார்க்கலாம் என்றால் அதற்கும் வெளிச்சம் இல்லை. தடவிப் பார்த்ததில் பழைய மர அலமாரி என்று புரிந்தது.

மணி காலை பதினொன்று. வெளியே மயிலாப்பூர் மொத்தமும் சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. உள்ளே நீட்டிய கை தெரியவில்லை. கதவை அகலத் திறந்தும் பிரயோஜனமில்லை. எதிரே எழும்பியிருந்த நாலு மாடிக் கட்டடம் வாசல் பக்கத்து வெயிலை முழுசாக மறைத்துவிட்டிருந்தது. தரை வேறு ஈரம் கசிந்து காலில் ஜில்லென்று ஒட்டியது.

இதில் உட்கார்ந்து நீரஜா எப்படிப் படம் வரைவாள் என்று அம்பிக்குக் கவலை வந்துவிட்டது.

நீரஜா அவருடைய மனைவி. ஒரு வேலை ஆரம்பிக்கப் போகிறேன் என்று சொல்லி, இந்தக் கேரேஜை அவளே வாடகைக்குப் பிடித்திருந்தாள். என்ன வேலை என்று அம்பி கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தஞ்சாவூர் ஓவியம்தான். கல்யாணமான புதிதில் அவள் அதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தபோது அவருக்கு மேட்டூருக்கு மாற்றல் வந்தது. மறுபடி ஆரம்பித்தாள், தூத்துக்குடி. மூன்றாவது முறை ஈரோடு. பாதி முடிந்த கிருஷ்ணன் இன்னும் பரணில் தவழ்ந்துகொண்டிருக்கிறான். அதை நினைக்கும்போதெல்லாம் அம்பிக்கு நெஞ்சில் ஏதோ இடறும். வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது அவள் புனேயில், பெண் வீட்டில் மூன்று வாரம். கிளம்பும்போது, "கேரேஜ் பக்கம் போகவேண்டாம், நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அம்பிக்கு அது சுருக்கென்று தைத்தது. மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம், மூன்று மாவட்டத்துக்குக் கரண்ட் கொடுத்த மனிதர் அவர். சொந்த வீட்டு மனுஷி நம்பவில்லை என்றால் எப்படி? அவள் திரும்பி வருவதற்குள் அந்த இடத்தை ஜெகஜ்ஜோதியாக்கிவிடுவது என்று தீர்மானித்தார். அவள் வாயால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "பரவாயில்லையே" என்று கேட்டுவிட வேண்டும்.

ஆனால் கேரேஜுக்கு மின் இணைப்பு கிடையாது. கேரேஜை ஒட்டிய வீட்டின் மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரி மஹதி மாமிக்கும் அவள் தம்பிக்கும் வீடு யாருக்கு என்று கோர்ட்டில் வழக்கு. அது முடியும்வரை புது இணைப்பு கேட்க முடியாது.

"எங்காத்துலேர்ந்து ஒரு ஒயரை இழுத்துக்கோங்கோளேன்" என்றாள் மாமி.

"இப்படி ஒயர் இழுத்தவாளைப் பிடிச்சே முப்பத்துநாலு வருஷம் போச்சு மாமி. நானே இழுத்தா நன்னாவா இருக்கும்?" என்று அம்பி மறுத்துவிட்டார். சொன்னபோது முதுகு தானாக நிமிர்ந்தது.

தெருக்கோடியில் கதிரேசன் இருந்தார். குழாய், கூரை, வெல்டிங் எதற்கும் அந்தப் பக்கத்தில் அவர்தான். அவரிடம் அம்பி தன் திட்டத்தை விளக்கினார். தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கூரையில் பாதி மேலே, பாதி கீழே இருக்கும்படி செருகிவிட்டால், மேலே படுகிற வெயில் உள்ளே பல்பு மாதிரி எரியும். கம்பி இல்லை, கரண்ட் இல்லை.

கதிரேசன் சிமெண்ட் ஷீட்டை அண்ணாந்து பார்த்தார். "ஓட்ட போட்டா ஒழுகும் சார்."

"சித்திரை மாசத்துல ஏதுய்யா மழை?"

எட்டு பாட்டில் இறங்கின. மறுநாள் உச்சி வெயிலில் எட்டும் பளபளவென்று எரிந்தபோது அம்பி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார். கதிரேசன் கைபேசியில் படம் எடுத்து, தன் மச்சான்களுக்கெல்லாம் அனுப்பினார்.

நாலாம் நாள் சாயங்காலம் கோடை மழை கொட்டித் தீர்த்தது. பாட்டிலைச் சுற்றிப் பூசிய பசை விட்டுப்போய், எட்டு இடத்திலும் தண்ணீர் இறங்கியது. அன்று பார்த்து நீரஜா போன் செய்தாள். கேரேஜ் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அப்படியேதான் இருக்கிறது என்றார் அம்பி, இடது கையில் பிடித்த வாளியைக் கீழே வைக்காமல். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவள் பேரன் பல் முளைத்த கதைக்குப் போய்விட்டாள்.

ஓட்டையை அடைப்பதைவிட ஷீட்டையே மாற்றிவிடலாம் என்று அம்பிக்குத் தோன்றியது. மாமியிடம் அனுமதி வாங்கி, பழைய கூரையைப் பிரித்து, வெளிச்சம் ஊடுருவுகிற ஃபைபர் ஷீட்டாகப் போட்டார்கள். இனி ஒழுகாது. வெளிச்சமும் எட்டு இடத்தில் இல்லை, எல்லா இடத்திலும். சுவருக்கு வெள்ளை அடித்தார். மூலையில் படர்ந்திருந்த பூஞ்சையைப் பிளீச்சிங் பவுடர் போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, தானே உட்கார்ந்து தேய்த்து ஒழித்தார். இரண்டே நாள் வெயிலில் தரை ஈரமும் காய்ந்து சுக்காகிவிட்டது. தங்கத் தாள் ஒட்டுகிற வேலைக்கு ஈரம் ஆகாது என்று யாரோ சொல்லி அவர் கேட்டிருந்தார்.

திருப்தியுடன் கதிரேசனை உள்ளே அழைத்துக் காட்டினார். கதிரேசன் கொஞ்ச நேரத்திலேயே பனியன் நனைந்து வெளியே வந்தார்.

"வெளிச்சம் சூப்பரா கீது சார். ஆனா மாவ ஊத்தி வெச்சா இட்லி வெந்துரும்."

அம்பியும் உள்ளே போய்ப் பார்த்தார். மனுஷன் பொய் சொல்லவில்லை. அந்த அனலில் நீரஜா உட்கார்ந்தால் அரை மணியில் மயக்கம் போட்டு விழுவாள். ஃபேன் வேண்டும். ஃபேன் என்றால் கரண்ட் வேண்டும். அத்தோடு, சாயங்காலம் ஆறு மணி ஆனால் இந்த ஃபைபர் கூரையும் கைவிரித்துவிடும்.

இனி ஒரே வழி சூரிய ஒளித் தகடு. மாமியின் மொட்டை மாடியில் இரண்டு தகடு, கேரேஜில் பேட்டரி, எட்டு எல்இடி விளக்கு, இரண்டு ஃபேன். வயரிங் முழுக்க அம்பியே செய்தார். அறுபத்து மூன்று வயதில் ஏணியில் நின்று திருகு முறுக்கியபோது, ஈரோடு துணைமின் நிலையத்தில் இருந்த அதே துடிப்பு கைக்கு வந்ததாக அவருக்குப் பட்டது.

விளக்குகள் அரை மணி நேரம் எரிந்து அணைந்தன.

பேட்டரி நிரம்பவில்லை. இணைப்பைச் சோதித்தார், சரியாக இருந்தது. தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கருவியை மாற்றினார், அப்படியும் நிரம்பவில்லை. வயரை எல்லாம் உருவி மறுபடி இழுத்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நீரஜா வர மூன்றே நாள் பாக்கி. மூன்று மாவட்டத்துக்குக் கொடுத்தவனுக்கு ஒரு கேரேஜுக்குக் கொடுக்க வரவில்லையே என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

கடைசியில், தகட்டைத்தான் பார்த்துவிடுவோமே என்று நடுப்பகலில் மொட்டை மாடிக்கு ஏறினார்.

முதல் தகட்டின் மேல் வெள்ளை வேட்டி விரித்து, ஜவ்வரிசி வடாம் வரிசை பிசகாமல் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டாவதில் மோர் மிளகாய். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு மஹதி மாமி உட்கார்ந்திருந்தாள்.

"தரையில போட்டா மூணு நாள் ஆறது அம்பி. இதுல ஒரே நாள்ல கலகலன்னு காயறது" என்றாள் மாமி, முகம் மலர. "சாய்வா வேற இருக்கா, காக்கா வந்து உக்காந்தா வழுக்கிண்டு போயிடறது. உங்க மூளையே மூளை. இன்னும் ரெண்டு போட்டேள்னா அப்பளத்தையும் முடிச்சுடுவேன்."

கோபப்படத்தான் அம்பி வாயைத் திறந்தார். ஆனால் இந்த மூன்று வாரத்தில் அவர் மூளையை ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினார். கதிரேசனை விட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, யார் கைக்கும் எட்டாத உயரத்தில் ஒரு இரும்புச் சட்டம் அடித்துத் தகடுகளை அதில் ஏற்றினார். மாமிக்கு ஒரு பழைய தகரப் பலகையைச் சாய்வாக நிறுத்திக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீரஜாவை ரயில் நிலையத்திலிருந்து நேரே அங்கேதான் அழைத்து வந்தார். கேரேஜ் வாசலில் மாக்கோலம். மஹதி மாமி ஒரு டப்பா வடாமோடு நின்றாள். கதிரேசன் துவைத்த சட்டையில் வந்திருந்தார்.

அம்பி சுவிட்சைத் தட்டினார்.

எட்டு விளக்கும் ஒன்றாக எரிந்தன. ஃபேன்கள் சுழன்றன. வெள்ளைச் சுவரில் பட்ட வெளிச்சம் தெருவரை வந்து விழுந்தது. போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

நீரஜா உள்ளே காலெடுத்து வைத்தவள் அப்படியே நின்றாள். கூரையைப் பார்த்தாள். குனிந்து தரையைத் தொட்டாள். ஒவ்வொரு மூலையாகப் போய்ச் சுவரைத் தடவினாள்.

"இதெல்லாம் நீங்களேவா பண்ணேள்?" என்றாள் கடைசியில்.

"கதிரேசன் கை குடுத்தார். யோசனை பூரா என்னோடது." அதோடு நிறுத்தவில்லை; இத்தனை வருஷம் சொல்லாததும் வாயில் வந்துவிட்டது. "மூணு தடவை உன் பிரஷ்ஷை மூட்டை கட்ட வெச்சேன் நீரஜா. மனசுல உறுத்திண்டே இருந்தது. இனிமே நீ யாருக்காகவும் பாதியில எழுந்துக்க வேண்டாம்."

நீரஜா அவரையே பார்த்தாள். நெற்றியில் ஆறாமல் இருந்த காயத்தைப் பார்த்தாள். சுண்ணாம்பு தின்ற விரல்களைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப ஜோரா இருக்கு" என்றாள். "இவ்வளவு வெளிச்சத்தை நான் எதிர்பாக்கவே இல்லை."

'பரவாயில்லையே'க்குக் காத்திருந்தவருக்கு 'ஜோர்' கிடைத்துவிட்டது. மாமியும் கதிரேசனும் கேட்டார்களா என்று அம்பி ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். கேட்டிருந்தார்கள். அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி இரண்டு சாக்குப் பையை இறக்கி வைத்துவிட்டு, வெளிச்சம் தாங்காமல் கண்ணுக்குக் கையால் மறைப்பு கொடுத்துக்கொண்டு, முன்னால் நின்ற அம்பியிடம் வந்தாள்.

"நான் ஜைதூன் பீ சார், காளான் விதை கொண்டாந்திருக்கேன். நல்லா இருட்டா, ஈரமா, ஜில்லுனு ஒரு எடம் வேணும்னு நீரஜா மேடம் மூணு மாசமா மெட்ராஸ் பூரா அலைஞ்சு கண்டுபுடிச்சாங்களே, அந்த கேரேஜ் எது சார்?"