தொட்டுச் சூடு பார்க்கும் கை

தொட்டுப் பார்க்கிறவன் என்று ஓர் இனம் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சலா, நெற்றியில் புறங்கை. குளிக்க வெந்நீரா, வாளிக்குள் விரல். விருந்துக்குப் போனால் யாரும் கேட்காமலே சமையல்கட்டில் நுழைந்து, தேக்ஸாப் பாத்திரத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி கண்ணை மூடிச் செத்த நேரம் நின்று, “வெதுவெதுன்னு இருக்கு, ஒண்ணும் ஆகாது” என்று தீர்ப்புச் சொல்லும் இனம். அந்தக் கைக்கு யார் சர்டிபிகேட் கொடுத்தது? ஒருத்தரும் இல்லை.

எங்க தெருவில் இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் நான்தான். அஞ்சாங்கிளாஸோடு நின்றவன். திண்டுக்கல் தோல் மண்டியில் ஆட்டுத்தோலைத் தடவியே தரம் சொல்கிறவன். தோலைத் தெரிந்த கைக்குத் தால்ச்சாவைத் தெரியாதா?

போன மாசம் மகள் ஃபாயிஸாவைப் பெண் பார்க்க வந்தார்கள். விருந்துக்கு முதல் நாள் ராத்திரியே கறியும் பருப்பும் போட்டுத் தால்ச்சா ஆக்கித் தணலில் விட்டிருந்தோம். காலையில் தேக்ஸாவில் கையை வைத்தேன். இதமாக இருந்தது.

“அதைக் கொட்டிருங்க அத்தா,” என்றாள் ஃபாயிஸா. காலேஜில் கிருமிப் படிப்பு படிக்கிறவள்.

“ஏம்மா? சுடவும் இல்ல, ஆறவும் இல்ல.”

“அதான் வம்பு. சில கிருமி குளிர்ல சும்மா கெடக்கும். நம்ம உடம்புச் சூடு பட்டதும், ஆளுக்குள்ள வந்துட்டோம்னு தெரிஞ்சுக்கிட்டு, தாக்குறதுக்குன்னே தனியா புரதம் செய்ய ஆரம்பிக்கும். உங்க கைக்கு இதம்னா அதுக்கும் இதம்.”

“அதுவும் என்னைய மாதிரி தொட்டுப் பாக்குதாக்கும்,” என்று சொல்லி, வீம்புக்கு ஒரு கிண்ணம் குடித்தேன்.

சாயங்காலம் அவர்கள் வந்தபோது நான் கக்கூசில் இருந்தேன்.

“பாய் எங்க?” இது மாப்பிள்ளையின் அத்தா சேக் பரீது.

“இந்தா வந்துருவாரு,” என்றாள் என் சம்சாரம் சபிஹா. சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் வந்தபாடில்லை.

“பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னா சொல்லிருங்கம்மா. நாங்க கெளம்புறோம்.”

கக்கூசுக்குள் எனக்கு எல்லாம் கேட்டது. எழுந்து ஓடவும் வழியில்லை. உள்ளேயிருந்து சத்தம் கொடுக்க மானம் விடவில்லை. ஃபாயிஸாதான் மெதுவாகச் சொன்னாள்: “மாமா, அத்தா கைய வச்சுச் சூடு பாத்துட்டு நேத்து ஆக்குன தால்ச்சாவக் குடிச்சிட்டாக.”

உடனே மாப்பிள்ளையின் அம்மா, “எங்க வீட்ல இவரும் அதே கேசுதான். நோன்புல கஞ்சியத் தொட்டுப் பாத்துட்டு, பெருநாளுக்குப் படுத்த படுக்கை,” என்றார். வீடே சிரித்தது. சம்பந்தம் முடிவானது. நான் நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து கை கொடுத்தேன். சபிஹா புதிதாக ஆக்கியிருந்த தால்ச்சாத் தேக்ஸாவின் மேல் சம்பந்தியின் கை ஏற்கெனவே போயிருந்தது.

நீங்களும் சிரிக்கலாம். ஆனால் பக்கத்தில் டம்ளரில் பால் ஆறிக்கொண்டிருக்குமே, உங்கள் விரல் இப்போது எங்கே இருக்கிறது?