மாப்பிள்ளையைச் சுடப் பார்த்த கதை

பயப்படுவதற்கு எனக்குக் காரணம் தேவைப்பட்டதே இல்லை. பயம் முதலில் வந்துவிடும். காரணம் அடுத்த பஸ்ஸில் வரும். எட்டாவதோடு நான் படிப்பை விட்டதற்கு வீட்டில் கஷ்டம் என்றுதான் வெளியே சொல்லி வைத்திருக்கிறோம். (ஒன்பதாம் வகுப்புக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு புளியமரம் இருந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.)

அப்படிப்பட்ட நான், அடிவாரத்து ஊரை விட்டு, கொல்லிமலை வாழவந்தி நாட்டில் ஒரு மிளகுத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, அம்மாவோடும் தங்கை வசந்தியோடும் குடியேறினேன். வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் மரங்கள், மரம் முழுக்க மிளகுக்கொடி. மேகம் இறங்கிவிட்டால் பட்டப்பகலிலேயே நீட்டின கை தெரியாது. கொடி சுற்றிய ஒவ்வொரு மரமும் போர்வை போர்த்திய ஆள் மாதிரி நிற்கும். நான் தாண்டிப் போனதும் தலையைத் திருப்பும். (திருப்பியதைப் பார்த்ததில்லை. நான்தான் திரும்பிப் பார்ப்பதே இல்லையே!)

ஒரு துப்பாக்கி இருந்தால் தேவலை என்று தோன்றியது. லைசென்ஸ் விசாரிக்கப் போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை போனேன். உள்ளே போகப் பயந்து, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். பிறகுதான் சேலத்தில் ஏர்கன் விற்கும் கடையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கேஸ் குப்பி போட்டு, விசையை அழுத்த அழுத்தச் சின்ன ஈயக் குண்டுகளைத் துப்பும் கைத்துப்பாக்கி. அதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்றார்கள்.

"பன்னிக்குங்களா, குரங்குக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முழங்கை நீளத்துக்கு ஒன்றை எடுத்து வைத்தார்.

"சின்னதா வேணுங்க. இடுப்புல செருகினா வெளிய தெரியக்கூடாது."

"யாருக்குங்க தெரியக்கூடாது?"

"தங்கச்சிக்குங்க."

அங்கேயே வேட்டிக்குள் செருகி, உட்கார்ந்து, எழுந்து, குனிந்து பார்த்தேன். ஒன்று தொப்பையில் குத்தியது. இன்னொன்று சட்டையைத் தூக்கிக்கொண்டு குடலிறக்கம் வந்தவன் மாதிரி காட்டியது. கடைசியாக ஒன்று, உள்ளங்கைக்கு அடக்கமாக, கறுப்பாக, மழமழவென்று. செருகியதும் இருக்கிற இடமே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. துழாவித் துழாவிப் பார்த்து, கடைசியில் கடைக்காரர்தான் எடுத்துக் கொடுத்தார்.

"ஒளிக்கறதுக்குத் தோதாத்தான் இருக்குதுங்க. எடுக்கறதையும் கொஞ்சம் பழகிக்கங்க," என்றார்.

அந்த வாரமே வசந்தியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன் வந்த வரன்களெல்லாம் கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பிப் போனவை. சேந்தமங்கலம் பக்கத்து டிராக்டர் மெக்கானிக் சரவணனின் போட்டோவைப் பார்த்துத்தான் முதல்முதலாக அவள், "இவுரு பரவால்லண்ணா," என்றாள். அழைத்து வர நான் கிளம்பும்போது, "பேய் கீய்னு பேசிக் கெடுத்துப்போடாதண்ணா, சாமி," என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் வரவில்லை. மேகம் வந்தது. மணி நாலுகூட ஆகவில்லை, பஸ் நிற்கும் இடத்து டீக்கடையே மறைந்துவிட்டது. எங்கேயோ ஒரு பெண் சிரித்த மாதிரி இருந்தது. (தகரம் உரசியிருக்கலாம்.) அம்மாவுக்குத் துணை வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.

பாதி வழியில், பின்னால் சருகு மிதிபடும் சத்தம். நான் நின்றால் அதுவும் நின்றது.

எங்கள் பக்கம் மேகத்துக்குள் நடக்கிறவர்கள் இருமிக்கொண்டே போவார்கள். எதிராளியும் பதிலுக்கு இரும வேண்டும். இருமினால் மனுசன். அதுகளுக்கு நெஞ்சில் மூச்சே கிடையாது, இருமல் எங்கிருந்து வரும்? நான் இருமினேன். பதில் இல்லை. இன்னும் பலமாக இருமினேன். கழுத்தை நெரித்தால் வருமே, அப்படி ஒரு முனகல் மட்டும் வந்தது. மிளகுக்கொடிக்கு நடுவே வெள்ளையாக ஒன்று, தலை இல்லாமல் மிதந்து வந்தது.

துப்பாக்கியை உருவினேன். வந்தது. கூடவே வேட்டியும் வந்தது. பட்டாபட்டி டவுசரோடு, கண்ணை இறுக்க மூடி விசையை அழுத்தினேன். 'புஸ்ஸ்' என்று காற்று மட்டும் போனது. (குண்டு போடவே இல்லை. குண்டு போட்டதை இடுப்பில் வைக்க எனக்குப் பயம்.)

வெள்ளை உருவம் தொப்பென்று உட்கார்ந்து, நெஞ்சு கிழிய இரும ஆரம்பித்தது. அவ்வளவு இனிமையான இருமலை நான் கேட்டதில்லை.

"மனுசன்தான்! மனுசன்தான்!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"சுட்டுப்போடாதீங்க மச்சான்... சரவணனுங்க," என்றது அது.

பஸ் நான் கிளம்பியதும் வந்திருக்கிறது. வளைவுகளில் தலை சுற்றிய அவர் அம்மாவை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, "இப்பத்தான் போறாருங்க பொண்ணோட அண்ணன்," என்று கடைக்காரர் பாதையைக் காட்டியதும் என் பின்னாலேயே வந்திருக்கிறார். பாவம், ஜலதோஷம், தலையைச் சுற்றிக் கறுப்பு மப்ளர். பெண் வீட்டார் காதில் இருமல் விழுந்தால் சீக்காளி என்பார்கள், வாயைத் திறக்காதே என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாராம். சத்தம் கேட்டு டார்ச் லைட்டோடு ஓடி வந்த வசந்தி பார்த்தது இதைத்தான்: டவுசரோடு அண்ணன், அவன் மடியில் மாப்பிள்ளை, நடுவில் துப்பாக்கி.

"ஏண்ணா..." என்றவள் அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கண் கலங்கித்தான் இருந்தது. சரவணன் தட்டுத் தடுமாறி எழுந்து, என் வேட்டியைத் தேடி உதறி என்னிடம் கொடுத்துவிட்டு, அவளிடம் சொன்னார்: "மச்சான் மேல தப்பில்லீங்க. நான் இருமியிருக்கோணும்."

அதற்குமேல் பெண் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? மறுவாரம் தட்டு மாற்றினோம். துப்பாக்கியை வசந்தி அன்றைக்கே பிடுங்கிக்கொண்டு போய் எங்கேயோ போட்டுவிட்டாள்.

ஆனால் அந்தப் பெண் பார்த்த அன்றைக்கே, வீட்டு வாசலில் கால் கழுவும்போது சரவணன் மெதுவாக என்னிடம் கேட்டார்: "ஆமாங் மச்சான், உங்க கூட நடந்து வந்த அந்தம்மா எங்கீங்க போனாங்க?"

நான் அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்கும் வசந்திக்கும் நடுவில்தான் படுத்தேன்.

இப்போதும் அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால், பந்தல் வாசலிலேயே சரவணன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார். அப்புறம் கூட்டத்துக்கு நடுவில் என் இடுப்பைத் தடவிச் சோதனை போடுவார். எல்லோரும் சிரித்து முடித்ததும், என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்பார்:

"இன்னைக்காவது தனியாத்தான் வந்தீங்களா மச்சான்?"