பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஐந்து நாள்

உலகத்தில் போய்ச் சேர்ந்தவர்களுக்குத்தான் சிலை வைக்கிறார்கள். பாதியில் திரும்பி வந்தவர்களுக்கும் வைப்பதென்றால், காரைக்கால் கடற்கரையில் முதல் சிலை எங்கள் ரிட்டர்னுக்குத்தான்.

பாலிடெக்னிக்கில் என் பக்கத்து பெஞ்சுக்காரன். வீட்டில் வைத்த பெயர் எனக்கே சட்டென்று வராது. எங்கே கிளம்பினாலும் எப்படிப் போவது என்று யோசிக்கும் முன்பே, எங்கே திரும்புவது என்று எழுதிவிடுவான்; அதனால் எல்லோருக்கும் அவன் ரிட்டர்ன். கோட்டுச்சேரிக்கு டவுன் பஸ்ஸில் போகக்கூட ஒரு காகிதம் உண்டு. மழை வந்தால் ஒதுங்க இரண்டு கடைகள், பஸ் நின்றுபோனால் யாருக்கு போன், எத்தனை மணிக்கு மேல் போய்ப் பிரயோஜனமில்லை, எல்லாம் அதில் இருக்கும்.

சொந்தப் பெரியம்மா மகனுக்கு நாகூரில் நிக்காஹ். பதினொரு மணிக்குள் வாஞ்சூர் தாண்டாவிட்டால் திரும்புவது என்று எழுதியிருந்தான். பதினொரு மணிக்குக் கீழவாஞ்சூர் லாரி வரிசையில் பஸ் மாட்டிக்கொண்டது. இறங்கி, எதிர்ப்பக்க பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டான்.

"நிக்காஹ்வுக்குப் போவச் சொன்னா பாதில வந்து நிக்கிறியேடா! பிரியாணி போச்சே!" என்று அவன் உம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"தயிர்சாதம் எடுத்துட்டுதாம்மா போனேன்."

இப்படிப்பட்டவனோடு கூட்டு சேர்ந்து நான் வாங்கியது ஒரு பழைய பாய்மரப் படகு. காரைக்கால்மேட்டு மணலில் ஒரு வருடம் கிடந்து அதற்கு ஒட்டுப் போட்டோம், ஓட்டியும் பழகினோம். அப்போதுதான் பாண்டிச்சேரியில் ஒரு பாய்மரப் பயிற்சி நிலையத்தில் பயிற்சியாளர் வேலை இருப்பதாகத் தெரிந்தது. ஒரே ஒரு இடம். ஞாயிறு காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும். எனக்கு அதைவிட்டால் துபாயில் மாமா கடைதான். "கடல் வழியாவே வர்றேன் சார்" என்று போனில் அளந்துவிட்டேன். ஸ்டேட்டஸும் போட்டுவிட்டேன்.

"அறுபது மைல்டா. மணிக்கு அஞ்சு. பன்னெண்டு மணி நேரம். சனிக்கிழமை காலைல கெளம்புனா ராத்திரி பாண்டில பரோட்டா" என்று கணக்குப் போட்டேன்.

"அஞ்சு மைல் தர்றேன்னு காத்து ஒனக்கு எழுதிக் குடுத்துச்சா?"

"சராசரிடா!"

"மூணுன்னு வை. இருட்டுனா கடல்ல விரிச்ச வலை தெரியாது, பகல்ல மட்டும்தான் ஓட்டம். மொத நாள் பழையாறு, மறுநாள் கடலூர், அதுக்கு அடுத்த நாள் பாண்டி. கூட ரெண்டு நாள் சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். காத்துக்குக் குடுக்குறது. செவ்வாக்கெழம கெளம்புறோம்."

கிளம்பும் முன் காரைக்கால்மேட்டு மீனவர் ஒருவரைப் பிடித்து ஒரு மணி நேரம் குடைந்தான். எந்த முகத்துவாரத்தில் அலை உடையும், எப்போது உள்ளே நுழையலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். கடைசியில் எங்கள் தண்ணீர்க் கேன்களைப் பார்த்து, "ஏம்ப்பா, பாண்டிக்குப் போறீங்களா, பர்மாவுக்கா?" என்றார்.

முதல் நாள் மாலை ஐந்துக்குப் பழையாறு மீன்பிடித் துறைமுகம். ரிட்டர்ன் முகம் வாடிவிட்டது. "அரை மணி சீக்கிரம் வந்துட்டோம். எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்."

புதனும் வியாழனும் கடல் முழுக்க வெள்ளை நுரை. காற்றுக்கென்று ஒதுக்கிய இரண்டு நாளையும் காற்றே வாங்கிக்கொண்டது. வெள்ளி விடிந்ததும் கிளம்பினோம். பதினொரு மணிக்குள் பரங்கிப்பேட்டை தாண்டாவிட்டால் திரும்புவது என்பது காகிதம். பரங்கிப்பேட்டை கண்ணுக்குத் தெரிகிறது, எதிர்க்காற்று மட்டும் விடவில்லை. பதினொன்றாயிற்று. படகைப் பழையாறுக்கே திருப்பினான்.

"பயந்தாங்கொள்ளி! இன்னும் கொஞ்சம்தானடா! என் வேலைடா அது!"

"கத்து. ஒனக்குக் கத்த அரை மணி போட்டிருக்கேன். அப்பறம் வந்து பாயைப் பிடி."

இருபது நிமிடத்திலேயே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சனிக்கிழமையும் கடல் இறங்கவில்லை. மத்தியானம் நான் மீன் பெட்டி மேல் உட்கார்ந்து துபாய் வெயிலை நினைத்துக்கொண்டிருந்தபோது, ரிட்டர்ன் என் பையைக் கொண்டுவந்து மடியில் வைத்தான்.

"எழுந்திரு. சிதம்பரம் பஸ் வரப்போவுது. அங்கேர்ந்து பாண்டி."

"படகு?"

"படகோட நான் இருக்கேன்."

"கடல் வழியா வர்றேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனேடா. பஸ்ல போனா மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?"

"ஜன்னல் பக்கம் வெச்சிக்க. காத்து வரும்."

பஸ் நகரும்போது ஜன்னல் வழியே தன் காகிதத்தை என் கையில் திணித்தான். இருந்த கோபத்தில் பிரிக்காமலே பையில் போட்டேன்.

ஞாயிறு காலை. தேர்வாளர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "படகு எங்க தம்பி?"

நடந்ததைச் சொன்னேன். பிளான் இருக்கிறதா என்றார். காகிதத்தை நீட்டினேன். நிதானமாகப் படித்தார். திரும்பிய இடத்தில் விரலை வைத்து, யார் எடுத்த முடிவு என்று கேட்டார். நான் இல்லை, நான் கத்திக்கொண்டிருந்தேன் என்று உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "இதப் போட்டவரு எங்களுக்கு வேணுமே?" என்றார். "அவன் பழையாறைத் தாண்ட மாட்டான் சார்" என்றேன். பிறகு அவர்கள் படகிலேயே இரண்டு சுற்று ஓட்டச் சொன்னார். வேலை கிடைத்தது.

அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அதன் முதல் வரி கண்ணில் பட்டது. திங்கட்கிழமையே எழுதியது.

'நோக்கம்: ஞாயிறு பத்து மணிக்குள் இவனைப் பாண்டியில் சேர்ப்பது. படகு: முடிந்தால்.'

வெளியே வந்து பழையாறுக்குப் போன் போட்டேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. "சாப்ட்டியாடா?" என்று மட்டும் கேட்டேன்.