பதினோரு நிமிட ஏற்றுமதி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும், என் வீட்டில் என்னைக் கேட்காமல் நடமாடும் இருபத்து மூன்று பேரும் நலம். அங்கே தாங்களும் என் மகளும் அதைவிடக் கூடுதல் நலமாகவும், அதைவிடக் குறைந்த கூட்டத்தோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமனார் மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதினாலே எதையோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம். நானும் கேட்கத்தான் போகிறேன். பொருள் அல்ல, ஒரு சின்ன விவரம். அதைக் கடைசியில் கேட்கிறேன். அதுவரை இந்தக் கடிதம் என் மகள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் வாசல் மணி அடித்தது. உங்கள் மாமியார் போய்ச் சேர்ந்த இந்த நாலு வருஷத்தில் மின்சார மீட்டர் பார்க்க வருகிறவரைத் தவிர யாரும் அந்த மணியைத் தொட்டதில்லை. அதனால் ஆசையாக ஓடிப்போய்த் திறந்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. வந்தவர் பண்பாட்டு ஏற்றுமதி வாரியத்தின் அதிகாரி. சோபாவில் உட்கார்ந்தார், தேநீர் குடித்தார், சுவரையெல்லாம் பெண் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார். பாசமுள்ள குடும்பம் ஒன்றைப் பற்றித் தொடர் எடுத்து நாற்பது நாடுகளுக்கு அனுப்பப் போகிறார்களாம். அதற்கு வாழ்ந்த வீடு வேண்டுமாம். நானோ துறைமுகத்தில் ஏற்றுமதிப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் எழுத்தராக இருந்து முத்திரை குத்தியே கட்டைவிரல் தேய்ந்தவன். ஏற்றுமதி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கேள்விகள் தானாக வந்துவிட்டன.

“சரக்கு மொத்தம் எவ்வளவு எடை?” என்று கேட்டேன்.

“எடையே கிடையாது சார்.”

“பெட்டி எத்தனை?”

“பெட்டியும் கிடையாது. அதுதான் சார் இதுல விசேஷம். இங்கேருந்து ஒண்ணுமே குறையாது. ஆனா எல்லா ஊருக்கும் போய்ச் சேந்துடும். முதல்ல நம்ம பாசம் போகும். அதைப் பாத்து மயங்கினவங்க நம்ம நாற்காலி கேப்பாங்க, துணி கேப்பாங்க, கடைசியில நம்ம ஊரைப் பாக்கவே கிளம்பி வருவாங்க. நாடு எங்கேயோ போயிடும் சார்.”

ஒரு சரக்கு வெளியே போயும் உள்ளே குறையாமல் இருக்கிறது என்று யாராவது படிவத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தால், என் காலத்தில் அவரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து விசாரித்திருப்போம். ஆனால் மனிதர் முக்கால் மணி நேரம் என் எதிரில் உட்கார்ந்து பேசினார். அவ்வளவு நேரம் என்னோடு யாரும் பேசி வெகுகாலம் ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள்! முதல் நாள் கூடம் மட்டும் போதும் என்றவர்கள் மூன்றாம் நாள் படுக்கையறையில் விளக்குக் கம்பம் நட்டார்கள். குளியலறை ஒப்பனை அறையாயிற்று. பல் தேய்க்க நான் வரிசையில் நிற்கவேண்டியிருக்கிறது, எனக்கு முன்னால் நிற்பவருக்கோ ஒட்டுமீசை, அதற்குத் தண்ணீர் ஆகாது, அதனால் அவர் பல் தேய்க்க அரைமணி நேரம். சுவர் பழசாக இருக்கிறது என்று புதுச் சுண்ணாம்பு அடித்தார்கள், புதுசாகத் தெரிகிறது என்று மறுநாள் தேநீர் கரைத்து அதன் மேல் பூசினார்கள். எனக்குச் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள நடையில் ஒரு முக்காலி ஒதுக்கியிருக்கிறார்கள். கூடத்தில் மாட்டியிருந்த நம் குடும்பப் படத்தையும் கழற்றிவிட்டார்கள். ஏனென்று கேட்டதற்கு டைரக்டர் பிள்ளை, “தப்பா எடுத்துக்காதீங்க சார், இது குடும்பம் மாதிரியே இல்ல. மூணு பேரும் பாஸ்போர்ட்டுக்கு நிக்கற மாதிரி நிக்கறீங்க” என்றான். அந்த இடத்தில் இப்போது நடிகர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுச் சிரிக்கும் படம் தொங்குகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் ஒரு காலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், “தண்ணி” என்றேன். தண்ணீர் வந்தது. நிமிர்ந்தால், தொடரில் அம்மாவாக வரும் நடிகை டம்ளரோடு நிற்கிறார். “தாகமா இருந்தீங்க போல” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. உங்கள் மாமியாரை அப்படி அதட்டித்தான் தண்ணீர் கேட்டேனா என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

அப்பா வேஷம் போடுகிறவர் கதை வேறு. வாழ்ந்த வீட்டுக்கு வாழ்ந்த மனிதனின் நடை வேண்டும் என்று இரண்டு வாரம் என் பின்னாலேயே சுற்றினார். நான் உட்கார்ந்தால் உட்கார்ந்தார், இருமினால் இருமினார். போனை எடுப்பதற்கு முன் நான் மூன்று தரம் தொண்டையைச் செருமிக்கொள்வேனாம், அதுவரை எனக்கே தெரியாது. அதை அவர் என்னைவிட நன்றாகச் செய்கிறார். ஆனால் என்னிடமிருந்து உருவத்தையும் குரலையும் எடுத்துக்கொண்டு, குணத்தை மட்டும் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டுக்கொண்டுவிட்டார். தொடரில் அவருக்கு வெளிநாட்டில் ஒரு மகள். அவள் ஊருக்கு வந்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக் கொடுத்தாரல்லவா, அது உங்கள் ஊரில் ஒளிபரப்பான மறுநாளே என் மகள் போன் செய்தாள்.

“அப்பா, அந்த அப்பா நார்கூட எடுத்துட்டுக் குடுக்கறாரு. நீங்க ஒரு நாளாவது உரிச்சுக் குடுத்திருக்கீங்களா?”

“நீ கேக்கவே இல்லையேம்மா.”

“அவளும்தான் கேக்கலை.”

அங்கே மழையா வெயிலா என்று கேட்டேன், வீட்டுப் பூட்டைச் சரிபார்க்கச் சொன்னேன், சரி வைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். எங்கள் பேச்சு என்றைக்கும் நாலு நிமிஷத்தைத் தாண்டியதில்லை. அவள் ஏதாவது சொல்ல ஆரம்பிப்பாள், நான் நடுவில் புகுந்து ஒரு கேள்வி கேட்பேன். படிவம் நிரப்பிய பழக்கம், போகமாட்டேன் என்கிறது.

அதிகாரி சொன்னது பலித்தது, அதையும் மறைக்கக் கூடாது. என் சாய்வு நாற்காலியின் இடது கை உடைந்து, உங்கள் மாமியார் கம்பி சுற்றிக் கட்டியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தொடரில் அதைப் பார்த்துவிட்டு நாலைந்து நாடுகளிலிருந்து அந்த நாற்காலி வேண்டும் என்று கேட்டார்களாம். இப்போது ஒரு தொழிற்சாலையில் நல்ல நாற்காலி செய்து, கையை உடைத்து, கம்பி சுற்றி, கப்பலேற்றுகிறார்கள். கம்பி சுற்ற மட்டும் நாற்பது பேருக்கு வேலை. நாடு வளர்கிறது, மறுப்பதற்கில்லை. நீங்களும் ஒன்று வாங்கிக் கூடத்தில் போட்டிருப்பதாக மகள் சொன்னாள். மகிழ்ச்சி. நாற்காலி வந்துசேர்ந்துவிட்டது, அதில் உட்காருகிறவனை வரச்சொல்லி நீங்கள் இன்னும் எழுதவில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், படத்து அப்பாவுக்கு வெளிநாட்டு மகள் போன் செய்யும் காட்சி. கூடத்தில் இருக்கும் நம் பழைய தொலைபேசியையே வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் நான் தும்மியும், வாசல் மணிக்குப் பதில் சொல்லியும், குறுக்கே நடந்தும் ஒன்பது தரம் அவர்கள் வேலையைக் கெடுத்திருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தால் அசையமாட்டேன் என்று எழுதியே வாங்கிக்கொண்டார்கள். அன்று சிவப்பு விளக்கு எரிந்தது. மணி அடித்தது. அவர் மூன்று தரம் செருமிவிட்டு எடுத்து, “சொல்லும்மா” என்றார். நானும் முக்காலியிலிருந்து ரசித்துக்கொண்டிருந்தேன். “ம்” என்றார். நெடுநேரம் சும்மா இருந்தார். மறுபடி “ம்” என்றார். பிறகு மெதுவாக, “அம்மா ஞாபகம் வந்துடுச்சா?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொடரில் அம்மா உயிரோடு, அடுப்புக்குப் பக்கத்தில், கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருக்கிறார்! அப்போதுதான் புரிந்தது, அடித்தது நிஜமான மணி, பேசுவது என் மகள்.

எழுந்தேன். லைட்டுக்காரர் வாயில் விரலை வைத்து முறைத்தார். முப்பத்து நாலு வருஷம் விதிமுறைக்குக் கட்டுப்பட்டு வளர்ந்த உடம்பு, மாப்பிள்ளை. திருடனுக்குத் தேள் கொட்டியது போல அப்படியே நின்றேன். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினோரு நிமிஷம். என் வீட்டில், என் போனில், என் மகள் பேசுகிறாள், எட்டு அடி தூரத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். அந்த மனிதர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “ம்” என்றும் “சொல்லும்மா” என்றும்தான் சொன்னார்.

விளக்கு அணைந்ததும் பாய்ந்தேன். “ஏன்யா போனை என்கிட்ட தரலை?”

“பொண்ணு அழுதுட்டு இருந்தது சார். நடுவுல கை மாத்தினா நின்னு போயிருக்கும்.”

“என்ன சொன்னா?”

“அதை நான் சொல்லக் கூடாது சார். அப்பான்னு நம்பிச் சொன்னது.”

“அப்பா நான்தான்யா!”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஏழு தரம் கேட்டுவிட்டேன், கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறார். டைரக்டர் பிள்ளைக்கோ கொண்டாட்டம். அம்மா ஞாபகம் என்ற வரியை மட்டும் வெட்டிவிட்டு, வராத வசனத்தையும் வந்த மௌனத்தையும் அப்படியே படத்தில் வைத்துவிட்டான். நாற்பது நாட்டில் அதைப் பார்த்து அழுதார்களாம். உங்கள் ஊரில் உங்கள் ஊர்ப் பேச்சில் குரல் மாற்றிப் போட்டதால் என் மகளுக்குச் சந்தேகம் வரவில்லை. அவளும் பார்த்து அழுதாளாம். அடுத்த வாரம் போனில், “அப்பா, அன்னிக்கு நீங்க குறுக்கே பேசாம கேட்டீங்களே, அது எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்தது தெரியுமா?” என்றாள். நான் அது நானல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். “சரி சரி, அதனால என்ன” என்றேன்.

ஆக, எடையில்லை, பெட்டியில்லை, வீட்டிலிருந்து ஒன்றும் குறையாது என்றார்கள். பதினோரு நிமிஷம் குறைகிறது. என் மகள் எதற்கு அழுதாள் என்று நாற்பது நாட்டுக்கும் தெரிந்த முகம் ஒன்றுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தாங்கள் பக்குவமானவர். பேச்சோடு பேச்சாக, “அன்னிக்கு அப்பாகிட்ட என்ன பேசினே?” என்று கேட்டு எனக்கு எழுதவேண்டும். படப்பிடிப்புக்காரர்கள் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யவேண்டும் என்று எழுத்து மூலம் கொடுத்துவிட்டேன். இனி ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கமாட்டேன்.

தங்கள் இருவருக்கும் நோயில்லாத உடம்பும், சண்டையில்லாத சாப்பாட்டு நேரமும், பிடித்த வேலையும் அமையட்டும். அந்த நாற்காலியின் கம்பி சட்டையைக் கிழிக்கும், பார்த்து உட்காரவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போன் வந்தது. கூடத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படத்து அப்பா எழுந்திருப்பதற்குள் நான் ஓடிப்போய் எடுத்து, “சொல்லும்மா” என்றேன். அதற்குப் பிறகு, கஷ்டப்பட்டு, “ம்” மட்டும் சொன்னேன். மூன்று கேள்விகள் தொண்டை வரை வந்தன, விழுங்கினேன். பத்தொன்பது நிமிஷம் பேசினாள். என்ன பேசினாள் என்று எழுதமாட்டேன், உங்களைப் பற்றிக் குறை இல்லை, பயப்படவேண்டாம். ஆகவே மேலே கேட்டிருக்கும் விவரத்தை அவளிடம் கேட்கவே கேட்காதீர்கள். காலி செய்யச் சொன்ன கடிதத்தையும் திரும்ப வாங்கிவிட்டேன், அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும், எனக்கு இன்னும் கொஞ்சம் பழக வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு உதவி. அவசரத்தில் செருமிக்கொள்ள மறந்துவிட்டேன். வைக்கும்போது அவள், “அப்பாதானே பேசறது? அன்னிக்குப் பேசின மாதிரியே இல்லையே, குரல் வேற யாரோ மாதிரி இருக்கே” என்றாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.